அப்பத்தாவின் பிஸ்கோத்து

மானாமதுரை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். கடலை மிட்டாய், தேன் மிட்டாய், கடைசி பாட்டிலில் வட்ட வட்டமாகப் பிஸ்கட். சந்தை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பத்தா அந்தக் கடைக்குக் கூட்டிப்போவார். "ரெண்டு பிஸ்கோத்து குடுய்யா, புள்ளைக்கு." கடைக்காரர் தகர மூடியைத் திருகி, கிழித்த தினத்தாளில் வைத்துத் தருவார். நான் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்த வருடம் அது. "பிஸ்கோத்து இல்ல அப்பத்தா, பிஸ்கட்டு. அதுகூடத் தெரியலையா?" என்று உரக்கச் சொன்னேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பத்தாவும் சிரித்தார். ஆனால் அதன்பிறகு என் முன்னால் அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. "அதுல ரெண்டு குடுய்யா" என்று விரலால் காட்டினார்.

அவர் சொன்னது சரியான சொல் என்று எனக்குத் தெரிய வந்தபோது அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

பிஸ்கோத்து என்பது 'பிஸ்கட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சிதைவு அன்று. பிஸ்கோய்த்து என்று ஒலிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல் அது. இரண்டு முறை வெந்தது என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. கடலோடிகளின் சோறு அதுதான். சாதாரண ரொட்டி சில நாளில் பூசணம் பிடித்துவிடும். ஈரம் போக இரண்டாம் முறை சுட்ட ரொட்டி மாதக்கணக்கில் தாங்கும். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1505இல் போர்ச்சுக்கீசியர் இலங்கைக் கரையைத் தொட்டனர். அடுத்த நூறாண்டுக்குள் தூத்துக்குடி, நாகப்பட்டினம், சாந்தோம் என்று நம் கரை நெடுக அவர்கள் கால் ஊன்றினார்கள். தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவச் சமய நூல் அச்சானது 1578இல். அந்தாவோ தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது 1679இல். ஆங்கிலேயர் சென்னையில் மணல் திட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோட்டை கட்டத் தொடங்கியதோ 1639க்குப் பிறகுதான். வரிசையை வைத்துப் பார்த்தாலே தெரியும்: பிஸ்கோத்து மூத்தது, பிஸ்கட் இளையது.

காலவரிசையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. சொல்லின் உடம்பிலேயே சான்று இருக்கிறது. ஆங்கிலேயர் உச்சரிக்கும் 'ட்' ஒலியில் நாக்கு பல்லைத் தொடாது; சற்று மேலே, ஈறுக்குப் பின்னால் தொடும். தமிழ்க் காதுக்கு அது ட-வாகவே கேட்கும். ஆகவே ஆங்கிலத்தின் வழியே வந்த சொற்களில் ட நிற்கிறது: டிக்கெட்டு, பிளேட்டு, டவல், பிஸ்கட்டு. போர்ச்சுக்கீசியர் நாக்கோ பல்லைத் தொடும், நம் த-வைப் போலவே. அவர்கள் வழி வந்த சொற்களில் த நிற்கிறது. டவலுக்கு நாம் சொல்லும் இன்னொரு பெயரான துவாலை அவர்களுடையது. யாழ்ப்பாணத்தார் காலணிக்குச் சொல்லும் சப்பாத்து அவர்களுடையது. பிஸ்கோத்தும் அந்த வரிசையில் வந்து உட்கார்கிறது. சிங்களத்தில் இதே சொல் 'விஸ்கோத்து' என்றும், காலணி 'சபத்து' என்றும் வழங்குவது இந்தக் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறது. இரண்டு மொழிகள் ஒரே மாதிரி 'தவறு' செய்வதற்கு வாய்ப்பில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கின்றன.

அந்தத் த் இரட்டித்திருப்பதற்கும் காரணம் உண்டு. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைத் த வந்தால் மெலிந்துவிடும். 'காது', 'பாதை' என்று சொல்லிப் பாருங்கள். அதன் வல்லோசையைக் காப்பாற்ற வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும்: 'காத்து', 'பாத்தி'. போர்ச்சுக்கீசியச் சொல்லின் வலிய ஒலி கெடாமல் இருக்கவே தமிழ் நாக்கு அதைத் த்து ஆக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி சொன்ன சொல்லில் இத்தனை கவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட சொற்களை ஆசிய மொழிகள் பலவற்றில் தேடித் தொகுத்தவர் கோவாவைச் சேர்ந்த பாதிரியார் செபஸ்தியாவோ ரொடோல்ஃபோ தல்காதோ. 1913இல் வெளிவந்த அவருடைய நூல், நம் சமையலறையிலும் சந்தையிலும் எவ்வளவு போர்ச்சுக்கீசியம் கிடக்கிறது என்று காட்டுகிறது. அன்னாசி, கொய்யா, பப்பாளி, பேரிக்காயில் உள்ள பேரி, ஈழத்தின் பாணும் வினாகிரியும் அந்த வழியில் வந்தவைதான். கொய்யாவை 'கொய்யாபா' என்று திருத்த யாரும் கிளம்பியதில்லை.

அந்நியச் சொல் ஏன் வாயில் உருமாறுகிறது? பெரும்பாலோர் நாக்கைக் குற்றம் சொல்வார்கள். கோளாறு அதற்கு முன்பே, காதில் தொடங்கிவிடுகிறது. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் நடத்திய ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட இரண்டையும் ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் வேறுவேறாகக் கேட்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. வீட்டில் பயன்படாத வேறுபாட்டைக் காது கழித்துவிடுகிறது. ஆகவே 'தோசை'யை ஓர் ஆங்கிலேயர் 'டோஸா' என்றால் அது அலட்சியம் இல்லை. முதல் பிறந்தநாளுக்கு முன்பே அவருக்கு மூடப்பட்ட கதவு. நமக்கும் அப்படித்தான். ப, ப்ப என்ற இரண்டின் வேறுபாடு தமிழருக்குத் துல்லியம். சொல்லின் முதலில் வரும் வல்லின ஓசைக்கும் மெல்லோசைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. பழந்தமிழ் நாக்குக்கு அது தேவைப்படவும் இல்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் குறையாக நினைக்கவில்லை, சட்டமாகவே எழுதி வைத்தார்கள். வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எடுக்க வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ர, ல முதலாகச் சொல் தொடங்கினால் முன்னால் ஓர் உயிர் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது நன்னூல். கம்பர் லட்சுமணனை இலக்குவன் என்றார், விபீஷணனை வீடணன் என்றார். அதைப் பிழை என்று சொன்னவர் எவரும் இல்லை. ரொட்டியை யாழ்ப்பாணத்தில் 'உறொட்டி' என்கிறார்கள். அந்த உகரம் நன்னூல் சொன்ன உகரம்தான். இலக்கியத்தில் வந்தால் மரபு, சமையலறையில் வந்தால் கொச்சை என்று பிரிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

நாம் தினமும் சாப்பிடும் பெயர்களை எடுத்துப் பார்ப்போம். அரபியில் தொண்டையிலிருந்து எழும் ஹகரத்தோடு தொடங்கும் ஹல்வா, தமிழில் அந்த ஓசையை உதறிவிட்டு அல்வா ஆனது. திருநெல்வேலிக்குப் போய் அங்குள்ளவரிடம் "நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள்" என்று சொல்லிப் பார்க்கலாம். பிரியாணி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பொரித்தது, வறுத்தது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பாரசீகத்தில் ணகரமே கிடையாது. உருதுவிலும் அந்தச் சொல்லில் வருவது பல்லை ஒட்டிய ன. நாக்கை மடித்து ணகரம் ஆக்கியது நாம். ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் கோடிக்கணக்கான தடவை சொல்லப்பட்ட அந்த ணகரம் யார் காதையும் உறுத்தவில்லை. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கொண்டுவந்த பெயரில் இருந்த ஃபகரத்தைப் பகரமாக்கி, தமிழகத்தில் காப்பி என்றோம், ஈழத்தில் கோப்பி என்றோம். பராட்டா மதுரைக்கு வந்து புரோட்டா ஆனது. பகரத்தில் குவியும் உதடு அடுத்த உயிரையும் குவித்து இழுத்துக்கொண்டது. இத்தனையும் உச்சரிப்புப் பிழை என்றால் நம் இலையில் பிழையில்லாத பண்டம் சோறும் குழம்பும்தான்.

இனி இங்கிருந்து வெளியே போனவற்றைப் பார்க்கலாம். மதராஸ் ராஜதானியில் இருந்த ஆங்கிலேயர் தம் சமையற்காரர்களிடம் கேட்ட மிளகுத்தண்ணி, அவர்கள் வாயில் 'மல்லிகட்டானி' ஆனது. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற சொல்லகராதி, மைசூர்ச் சிறையில் அடைபட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் பாடிய, 1784ஆம் ஆண்டுக்குரிய பாட்டிலிருந்தே இந்தச் சொல்லுக்குச் சான்று காட்டுகிறது. மதராஸில் வேலை பார்த்த வெள்ளை அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே இதிலிருந்து வந்தது. இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட புகழ்பெற்ற குடும்ப நிர்வாக நூலில் இதன் செய்முறை இருக்கிறது: கோழி அல்லது முயல், பன்றி இறைச்சித் துண்டுகள், வெங்காயம், கறிப்பொடி, அரைத்த பாதாம். மிளகு ரசம் வைக்கத் தெரிந்த எவரும் அதை மிளகுத்தண்ணி என்று அடையாளம் காண மாட்டார். பெயரும் போயிற்று, பண்டமும் போயிற்று. ஆயினும் மல்லிகட்டானி ஆங்கில அகராதியில் மதிப்போடு உட்கார்ந்திருக்கிறது, தவறான உச்சரிப்பு என்ற குறிப்பு இல்லாமல்.

ஆப்பம் ஆங்கிலத்தில் 'ஹாப்பர்'. குதிப்பது, தாவுவது என்று பொருள்படும் தம் சொந்தச் சொல்லின் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார்கள். இலங்கையின் ஆங்கிலத்தில் இடியாப்பம் இன்றும் 'ஸ்ட்ரிங் ஹாப்பர்'. நம் கஞ்சி 'காஞ்சி' ஆகி இன்னும் நெடுந்தூரம் போயிருக்கிறது. ஹாங்காங் உணவகத்தில் காலையில் கிடைக்கும் சீனத்து அரிசிக்கஞ்சியை அவ்வூரார் 'ஜுக்' என்பார்கள். ஆங்கில உணவுப் பட்டியலில் அதன் பெயர் 'காஞ்சி'. சீனர் வீட்டுக் கஞ்சிக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் தமிழரின் கஞ்சி! இஞ்சியின் கதை இவை எல்லாவற்றிலும் பழையது. இஞ்சிவேர் என்ற திராவிடச் சொல் வடக்கே போய் 'சிருங்கவேரம்' ஆனது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. சிருங்கம் என்றால் கொம்பு. இஞ்சிக் கிழங்கு பார்ப்பதற்கு மான் கொம்பு போலக் கிளை விட்டிருப்பதால், கேட்ட ஒலிக்குப் பொருத்தமாக ஒரு பொருளும் அமைந்துவிட்டது. அங்கிருந்து கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஜிங்கிபெர்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒருவர் தவறாகக் கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சொல் நம் எல்லையைத் தாண்டியே இருக்காது.

அப்படியானால் யார் மாற்றிச் சொன்னால் அது சொல் ஆகிறது, யார் மாற்றிச் சொன்னால் பிழை ஆகிறது? விடை ஒலியியலில் இல்லை. கப்பலும் துப்பாக்கியும் சம்பளமும் வைத்திருந்தவன் மிளகுத்தண்ணியை எப்படிச் சொன்னாலும் செல்லும். சந்தையில் கீரை விற்றுத் திரும்பும் அப்பத்தா பிஸ்கோத்து என்றால் சிரிப்பு. மொழியியல் எவ்வளவு படித்தாலும் இந்த ஏற்றத்தாழ்வை விட்டுவிட்டு உச்சரிப்பைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது என்பது என் கருத்து.

சிரிப்பு சிறிய தண்டனை. பெயரை மாற்றிச் சொன்னதற்கு உயிரே போன இடங்கள் உண்டு. 1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ரஃபாயெல் த்ருஹீயோவின் ஆணைப்படி, எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹெய்ட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். படைவீரர்கள் ஒரு கீரைக் கொத்தைக் காட்டி, இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள் என்பது அந்தப் படுகொலையோடு ஒட்டிய செய்தி. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'பெரெஹில்', கொத்தமல்லியைப் போலிருக்கும் பார்ஸ்லி. நடுவில் வரும் ரகரமும் பின்னால் வரும் ஹகரமும் ஹெய்ட்டியின் கிரியோல் மொழி பேசுவோருக்கு அதே மாதிரி வருவதில்லை. வராதவர் ஹெய்ட்டிக்காரர். இந்தச் சோதனை எத்தனை இடங்களில் நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தக் கொலைகளுக்கு வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயரே 'பார்ஸ்லிப் படுகொலை'. நமக்கு அது தொலைதூரத்துச் செய்தி இல்லை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கொழும்பில் கும்பல்கள் தெருவில் போவோரை நிறுத்தி, வாளிக்குச் சிங்களப் பெயரான 'பால்திய' என்பதைச் சொல்லச் சொன்னதாகத் தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொல்லின் முதலில் வரும் அந்த மெல்லோசைப் பகரம் தமிழருக்குப் பழக்கமில்லாதது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து இரவல் வாங்கியதுதான். ஓர் இரவல் சொல்லை எந்த மாதிரி இரவல் வாங்கினாய் என்று பார்த்து மனிதரைக் கொன்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஒரு பண்டத்தைச் செய்தவர் எதிரில் நிற்கும்போது அதன் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பார்ப்பது மரியாதை. வாழைப்பழத்தின் ழகரத்தை வெளியூர்க்காரர் ஒருவர் மூன்று தடவை முயன்று சொன்னால் நமக்கு மனம் குளிர்கிறது இல்லையா, அது போலத்தான். சில பெயர்கள் நமக்குச் சுலபத்தில் வராது. வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான 'ஃபா'வில் குரல் தாழ்ந்து எழ வேண்டும். சுரம் மாறினால் பொருளே மாறும் மொழி அது. பிரெஞ்சுக்காரரின் க்ருவாசானில் தொண்டையில் உருளும் ரகரமும் மூக்கில் முடியும் உயிரும் நமக்குப் பயிற்சி இல்லாதவை.

ஆனால் நம்மை மிரட்டும் பெயர்களில் பெரும்பாலானவை நமக்கு எளிதானவை என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆச்சரியம். மெக்சிகோவின் சோள அடையை 'டாக்கோ' என்கிறோம். ஸ்பானியரின் த் பல்லைத் தொடும் த். மெக்சிகோக்காரர் சொல்வது 'தாக்கோ'. அதைச் சொல்ல முடியாதவர்கள் ஆங்கிலேயர்கள். நமக்குத் தாக்கோ என்பது 'தாக்கு' என்பதைப் போல வரும். ஹலாப்பா என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் மிளகாயை நம் உணவகங்களில் 'ஜலபினோ' என்று கேட்கிறேன். மெக்சிகோக்காரர் சொல்வது ஹலபேஞோ. இத்தாலியரின் உருளைக்கிழங்கு உருண்டைக்குப் பெயர் ஞொக்கி. ஆங்கில எழுத்தில் ஜி, என் என்று தொடங்குவதால் 'க்நாச்சி' என்று தடுமாறுகிறோம். ஞாயிறும் ஞாலமும் வைத்திருக்கும் மொழிக்காரருக்கு ஞொக்கி என்ன கஷ்டம்? 'லசக்னா' என்பதும் இத்தாலியர் வாயில் லசாஞா. புருஷெட்டா உண்மையில் புருஸ்கெத்தா. பீட்சாவின் நடுவே நாம் விடாமல் வைத்திருக்கும் ட் சரியானது. நாகரிகம் என்று நினைத்து அதைப் 'பிஸ்ஸா' ஆக்குபவர்கள்தான் இத்தாலியரை விட்டு விலகிப் போகிறார்கள்.

மெய் இரட்டிப்பதிலும் நமக்கும் இத்தாலியருக்கும் ஒற்றுமை உண்டு. படு வேறு, பட்டு வேறு. மனம் வேறு, மன்னன் வேறு என்று நமக்குப் பிறப்பிலேயே தெரியும். இத்தாலியருக்கும் தெரியும். இறகுப் பேனா முனையைப் போல வெட்டிய பாஸ்தாவுக்குப் பெயர் பென்னே. அதில் ஒரு ன் குறைந்தால் சபையில் சொல்லத்தகாத சொல்லாகிவிடும். ஆங்கிலம் பேசுவோர் அந்த இரட்டிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், நமக்கு அது தானாக வரும். நம் காதும் நாக்கும் தயாராக இருக்க, நடுவே ஆங்கில எழுத்து உட்கார்ந்துகொண்டு தன் குறையை நம் குறையாக்குகிறது. நாம் தவறாகச் சொல்வது இத்தாலியத்தையோ ஸ்பானியத்தையோ அல்ல. ஆங்கிலேயர் தவறாகச் சொல்வதை ஒப்பிக்கிறோம், அதையும் சரியாக ஒப்பிக்கவில்லை என்று வெட்கப்படுகிறோம்.

இந்த வெட்கம் எங்கே போய் முடிகிறது என்பதைப் பல்பொருள் அங்காடியின் அலமாரியில் பார்க்கலாம். பச்சை நிறப் பொட்டலம், மேலே 'மொரிங்கா பவுடர்'. முருங்கை என்ற நம் சொல், கேரளத்து முரிங்ங, ஐரோப்பியத் தாவரவியலாளர் வாயில் நுழைந்து 'மொரிங்கா' ஆகி லத்தீன் பெயரானது. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 ரகம் தமிழகம் முழுக்கக் காய்க்கிறது. கொல்லைப்புறத்தில் கிள்ளிவந்த அந்தக் கீரை காய்ந்து பொடியாகி, வெள்ளைக்காரர் சிதைத்த பெயரோடு நமக்கே திரும்பி வந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்த ஒரு பெண், "மொரிங்கான்னா என்னக்கா?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டதை நானே கேட்டேன். "உடம்புக்கு நல்லதுக்கா, ஃபாரின் பொருள்" என்றார் அவர். அவர் மீது குற்றமில்லை. பொட்டலத்தில் முருங்கை என்ற சொல் எங்குமே இல்லை.

இரண்டு வருடம் முன்பு சென்னையில் ஒரு காப்பிக் கடையில் நின்றேன். கல்லாப் பக்கத்தில் அதே மாதிரிக் கண்ணாடி பாட்டில். உள்ளே நீளவாக்கில் வெட்டிய, பாதாம் பதித்த, முறுகச் சுட்ட துண்டுகள். "தம்பி, அந்தப் பிஸ்கோத்துல ஒண்ணு குடுங்க" என்றேன், வேண்டுமென்றேதான். "பிஸ்காட்டி சார்" என்று திருத்தினார் அந்த இளைஞர். குரலில் கேலி இல்லை, தொழிலில் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். இத்தாலியத்தில் அது பன்மை. ஒரு துண்டுக்குப் பெயர் பிஸ்கொத்தோ. பல்லைத் தொடும் தகரம், அதுவும் இரட்டித்த தகரம். போர்ச்சுக்கீசியச் சொல்லும் இத்தாலியச் சொல்லும் லத்தீன் வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகள். அந்தக் குளிரூட்டிய கடையில் சரியான உச்சரிப்புக்கு மிக அருகே இருந்தது மானாமதுரைச் சொல். பக்கத்துத் தட்டில் 1982இல் இத்தாலியில் உருவாக்கப்பட்ட தட்டை ரொட்டி ஒன்றும் இருந்தது. அதை அவர்கள் 'சியபட்டா' என்றார்கள். இத்தாலியர் சொல்வது சபாத்தா, பொருள் செருப்பு. பார்க்கச் செருப்பு மாதிரி இருப்பதால் வந்த பெயர். ஈழத்தின் சப்பாத்தும் அந்த ரொட்டியும் ஒரே குடும்பத்துச் சொற்கள். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் அந்தத் தட்டின் முன்னால் நின்றிருந்தால் யாரும் சொல்லித்தராமல் பெயரைச் சரியாகச் சொல்லியிருப்பார்.

உணவகம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உணவுப் பட்டியலில் வெளிநாட்டுப் பண்டத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலும் அச்சிடுங்கள், அந்த நாட்டுக்காரர் சொல்லும் ஒலியைக் கேட்டு அச்சிடுங்கள். தாக்கோ, ஞொக்கி, ஹலபேஞோ, புருஸ்கெத்தா. நம் எழுத்தில் ஒரு வரி போதும். வாடிக்கையாளர் விரலால் காட்ட வேண்டியிராது. கீரைப்பொடி விற்பவர்கள் பொட்டலத்தில் முருங்கை என்று பெரிதாகப் போடுங்கள். இதைப் படிப்பவர்கள் வீட்டில் பிஸ்கோத்து, துவாலை, சப்பாத்து, வினாகிரி என்று சொல்லும் பெரியவர் யாராவது இருந்தால் திருத்தாதீர்கள். அவர் சொல்கிறபடியே எழுதி, எந்த ஊர், என்ன வயது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். அப்படிப்பட்ட சொற்களில் சில எந்த அகராதியிலும் இன்னும் ஏறாமல் இருக்கலாம்.